பெயர் எழுத வேண்டாம்

“பேர் எழுதச் சொல்லுங்க. எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

கணக்கு வாத்தியார் மேசையில் அடித்த அடியில் டம்ளர் தண்ணீர் தளும்பிப் படிவத்தின் மேல் சிந்தியது. அவள் அதை எடுத்து உதறினாள். இரண்டு வாரமாக ஒவ்வொரு கேள்வியையும் கூட்டிக் குறைத்துச் சரிபண்ணி வைத்திருந்த படிவம் அது.

பள்ளிக்கூடங்களுக்குக் கருத்துக் கணிப்புப் படிவம் தயாரித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். இந்தப் பள்ளிக்குப் போன வருஷமும் அவள்தான் செய்து கொடுத்தாள். பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒன்று. மூன்றிலும் முதல் வரி ஒன்றேதான்: பெயர் எழுத வேண்டாம்.

“சார், பேர் கேட்டா எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? எல்லாரும் நல்லவங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடும். அதுக்கு எதுக்கு சர்வே?”

“போன வருஷம் பேர் இல்லாமத்தானே எழுதினாங்க? என்ன கிழிஞ்சுது?”

“உங்களைப் பத்தி யாரோ நல்லா எழுதி வெச்சிருக்காங்க போல. அதான் இந்தக் குதி குதிக்கறீங்க.”

எதிரே பெற்றோர் சார்பாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துணிக்கடை முதலாளி, இன்னொருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். துணிக்கடைக்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“நல்லாக் கேட்டீங்கம்மா! என் பொண்ணு வீட்டுக்கு வந்தா இவர் புராணம்தான். கணக்கு வாத்தியார் டிக்டேஷன் குடுக்கறாராம்! வாராவாரம் பக்கம் பக்கமா எழுத வெச்சு, நோட்டை வாங்கித் தானே வெச்சுக்கறாராம். கணக்குக்கு எதுக்குங்க டிக்டேஷன்?”

“எங்க பையனும் அதே பாட்டுத்தான்,” என்றாள் நர்ஸ். “கை வலிக்குதுன்னு சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தொட மாட்டேங்கறான். இதெல்லாம் ஒரு தண்டனையா?”

கணக்கு வாத்தியார் இருவர் முகத்தையும் மாறி மாறி முறைத்தார். பார்வையாலேயே சுட்டுவிடுவார் போல இருந்தது.

“சார், பெத்தவங்களை அப்படிப் பாக்காதீங்க,” தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவர் திரும்பி, படிவத்தோடு இருந்த அவளிடம் வந்தார். “சரி, பேர் வேண்டாம். வகுப்பும் ரோல் நம்பரும் மட்டும் போடச் சொல்லுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“ஒரு ஓரமா, சின்னதா ஒரு அடையாளம்? எனக்கு மட்டும் தெரியற மாதிரி?”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறாள். குறை சொன்ன பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பழிவாங்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறாள். இவ்வளவு வெட்கம் கெட்டுப்போய்க் கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

“பிள்ளைங்க என்னை நம்பி எழுதறாங்க, சார். அந்த நம்பிக்கையை வித்துத் திங்கற பொழைப்பு எனக்கு வேண்டாம்.”

துணிக்கடைக்காரர் கையே தட்டிவிட்டார். தலைமையாசிரியை எல்லோரையும் கை தூக்கச் சொன்னாள். பெயர் வேண்டாம் என்று அத்தனை கையும் உயர்ந்தது, ஒன்றைத் தவிர.

கூட்டம் முடிந்து அவள் படிகளில் இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கணக்கு வாத்தியார்தான். வாசலருகே நர்ஸும் துணிக்கடைக்காரரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு வண்டியும் தெருமுனை திரும்பும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

“இன்னும் என்ன?” அவள் நிற்காமலே கேட்டாள். “மிரட்டணுமா? மிரட்டுங்க.”

“போன வருஷம் உங்களுக்கு வெறும் எண்ணிக்கைதான் அனுப்பினோம். கடைசிக் கேள்விக்குப் பிள்ளைங்க கைப்பட எழுதினது எதுவும் உங்களுக்கு வரல. பள்ளிக்கூடம் பூராவுக்கும் அதைப் படிச்சது நான் ஒருத்தன்தான்.”

“படிச்சுட்டு? உங்களைத் திட்டினவனை வருஷம் பூராத் தேடறீங்களாக்கும்.”

“தேடறேன். ஆனா என்னைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல.” அவர் குரல் இறங்கியிருந்தது. “அந்தக் கையெழுத்து மனசுல அப்படியே நிக்குது. எல்லா வகுப்புக்கும் டிக்டேஷன் குடுத்துப் பாத்துட்டேன். ஒரு நோட்டுலயும் சிக்கல. கையை மாத்தி எழுதியிருக்குமோ என்னவோ.”

அவள் நின்றுவிட்டாள். “தலைமையாசிரியைகிட்ட சொல்லலையா?”

“சொன்னேன். எவனோ விளையாட்டுக்கு எழுதியிருக்கான், பெரிசு பண்ணாதீங்கன்னுட்டாங்க.”

“அப்போ இன்னிக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிருக்கலாமே? எதுக்கு இத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கினீங்க?”

“பெத்தவங்க ரெண்டு பேர் எதிர்ல உக்காந்திருக்காங்க. அவங்களை வெச்சுக்கிட்டு எப்படிம்மா சொல்றது?”

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?”

கணக்கு வாத்தியார் காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

“‘என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க’ன்னு.”