எழுபது நாள் சிக்கனம்

முதலில் டீயை நிறுத்தினார்கள். அடுத்து, தையல் பிரிவில் இரண்டு மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது, ஓவர்டைம் கூலியைப் பாதியாக்கினார்கள். நான்காவது, எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மெஷின் முன்னால் மயங்கி விழுந்தபோது, அவள் தரையில் கிடந்த நேரத்தைக் கூலியில் கழித்தார்கள். ஐந்தாவது, அதைக் கேட்கப் போன பதினோரு பேரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஐந்தாவதற்குப் பிறகுதான் சட்டைக் கம்பெனியின் முந்நூறு பேருக்கும் ரோஷம் வந்தது. வேலையை நிறுத்தினார்கள். இன்று எழுபதாவது நாள்.

சங்கத் தலைவர் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலைநிறுத்தம் தொடங்கிய வாரமே ஒரு துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். சம்பளம் இல்லாமல் குடும்பம் நடத்தப் பதினெட்டு வழிகள்.

தேய்ந்த சோப்புத் துண்டுகளை வெந்நீரில் உருக்கி ஒன்றாக்குங்கள். எண்ணெயை ஊற்றாதீர்கள், துணியில் தொட்டுச் சட்டியில் தடவுங்கள். இரண்டு வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் சமையுங்கள். பற்பசைக் குழாயை வெட்டி வழித்தால் இன்னும் ஐந்து நாள் வரும்.

பதினெட்டும் தன் மனைவி சொன்னவை என்றும், தன் வீட்டு அரிசி டப்பா இன்னும் காலியாகவில்லை என்றும் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். சங்கம் வாராவாரம் அளந்து கொடுத்த அரிசியில் தன் பங்கை அவர் தொடவில்லை. இல்லாதவர்களுக்குப் போகட்டும் என்றார். கைதட்டினார்கள்.

மற்ற வீட்டு டப்பாக்கள் நாற்பதாவது நாளே காலி. சங்க அரிசியில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அதே சோப்பு, அதே எண்ணெய், உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிக்கா கட்டுப்படியாகுது என்று பெண்கள் தலைவரின் மனைவியைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். பார்த்துப் பார்த்துச் செய்யணும் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

காஜாக்காரி மட்டும் விடவில்லை. சட்டைக்குப் பட்டன் துளை தைப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தலைவரிடமே கேட்டாள்.

"வழிக்கிறதுக்குக் குழாயில பசை இருக்கணும்ல அண்ணே? பதினெட்டையும் செஞ்சு பாத்துட்டேன். பத்தொன்பதாவது ஒண்ணு வெச்சிருக்கீங்க. அதையும் சொல்லிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வாய் நீளமா இருந்தா சிக்கனம் எப்படி வரும் என்றார் தலைவர். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அவள் ஒரு பிடி உப்பு கேட்டுத் தலைவர் வீட்டுக்குப் போய் வந்தாள். அதன்பிறகு கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. திடீரென்று அடங்கிப் போனவள்மேல் தலைவருக்குச் சந்தேகம் வந்தது. யாரோ வாயை அடைச்சிருக்காங்க என்று இரண்டு மூன்று பேரிடம் சொன்னார். அது முந்நூறு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனி யார் யாரையோ பிடித்து அரைகுறையாக மெஷினை ஓட்டுகிறது. தைத்த சட்டைகளை ஒரு கான்ட்ராக்டர் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குக் கொடுத்து, பிசிர் நூல் வெட்டி வாங்குகிறான். சங்கத்து வீடு ஒன்றிலும் அந்த வேலை நடக்கிறது.

தலைவர் தீர்மானம் எழுதினார். பிடிபடுகிறவரின் பெயரைத் தலைவரே கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டுக்குச் சங்கத்தில் இடம் இல்லை, அரிசி இல்லை, தெருவில் பேச்சுவார்த்தை இல்லை. மூடிய அறையில் முடிவெடுத்தால் வேண்டியவர்களைக் காப்பாற்றிவிடுவார்கள் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. காஜாக்காரியின் கை உயரவில்லை. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

இன்று கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அயர்ன்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கான்ட்ராக்டரின் வண்டியிலிருந்து ஒரு நோட்டை உருவிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நம்ம தெருவுக்குன்னே தனி நோட்டாம் தலைவரே, வண்டிக்காரன் சொன்னான். எல்லாப் பக்கத்துலயும் ஒரே கையெழுத்து. ஒரே ஆளுதான்."

முந்நூறு தலைகளும் காஜாக்காரி பக்கம் திரும்பின.

அவள் எழுந்து வந்தாள். தலைவர் கையிலிருந்த நோட்டின் மேல் தன் கையை வைத்தாள்.

"இங்க வாசிக்க வேண்டாம் அண்ணே. தனியா ஒரு தடவ பாத்துட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க."

"பயமா இருக்கா?"

"ஆமா. இதை வாசிச்சா எழுபது நாளும் போச்சு. நாளைக்குக் காலைல எல்லாரும் கம்பெனி வாசல்ல நிப்பாங்க."

"மூட்டை வாங்கினப்ப இது தெரியலையா?"

அவள் நோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ துரோகி என்றார்கள். அவள் பிள்ளைகள் இருவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

தலைவர் அவள் கையைத் தட்டிவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். தேதியை வாசித்தார். நாற்பத்தைந்து சட்டை, பிசிர் வெட்ட, என்று வாசித்தார்.

அங்கே நிறுத்தினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"பேரு தலைவரே, பேரு," என்றது கூட்டம்.

காஜாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

முந்நூறு பேர் கேட்க, ஓர் எழுத்தையும் விழுங்காமல், தலைவர் தன் மனைவியின் பெயரை வாசித்தார்.