நடந்தால்தான் நேர்த்தி

"ஓடப் போறியா? சமயபுரத்துக்கா?"

வீரையன் கேட்ட தோரணையில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஆமா மாமா," என்றாள் வானதி. "நீங்கல்லாம் மூணாம் நாள் போய்ச் சேர்றீங்கல்ல, அன்னிக்கு விடியக்காலம் நான் கெளம்பறேன். பொழுது சாய வந்து சேர்ந்துடுவேன். எனக்கும் ஒரு காப்பு கட்டி விட்டுடுங்க."

வானதி வேறு யாருமில்லை, வீரையனின் தம்பி மனைவி. தம்பி குவைத்தில் இருக்கிறான். வெளியாள் கேட்டிருந்தால் வீரையன் இரண்டு வார்த்தையோடு விட்டிருப்பார். சொந்த வீட்டுப் பெண், அதுவும் ஊர் கூடிப் பாதயாத்திரைக்கு நாள் குறிக்கிற இடத்தில் வந்து நின்று கேட்டதும் அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

ஏறாதா பின்னே? பாபநாசத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீரையன் குருசாமியைத் தெரியாதவர் கிடையாது. சித்திரைத் தேருக்கு வருஷம் தவறாமல் நடக்கிறவர். அவர் கையால் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு புறப்பட்டால்தான் இந்த ஊரில் அது யாத்திரை.

"அதுக்குத்தான் தெனம் வாய்க்கா கரையில ஓடிட்டுக் கெடந்தியா? சுகர் வந்துடுச்சோன்னு நெனச்சேன்."

"நாங்க பஸ்ஸுக்கு ஓடுதுன்னு நெனச்சோம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மண்டபமே சிரித்தது. வானதி சிரிக்கவில்லை.

"நேர்த்திக்கடன் மாமா. பாப்பா டெங்குல கெடந்தப்ப, கால்ல மண்ணு மிதிச்சு வர்றேன் தாயேன்னு வேண்டிக்கிட்டேன். அப்ப ஆறாவது படிச்சா, இப்ப எட்டாவது போயிட்டா. நான் இன்னும் போகல. அவளுக்கு லேசா ஒடம்பு சுட்டாக்கூட எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"அப்ப எங்களோட நட. யாரு வேணாம்னா? நாலு பேரோட சேர்ந்து, பந்தல்ல மோரு குடிச்சு, தங்கித் தங்கிப் போனாதான் அது யாத்திரை. தனியா ஓடிப் போயி ஓடி வர்றதுக்குப் பேரு பந்தயம். இன்னிக்கு நீ ஓடுவ. நாளைக்கு ஒருத்தன் ஹெலிகாப்டர்ல போறேன்னு வந்து நிப்பான்."

"கால்ல வர்றேன்னுதான் மாமா வேண்டிக்கிட்டேன். மெதுவா வர்றேன்னு வேண்டிக்கல."

எதிர்வாய் வேறு. தம்பி ஊரில் இல்லாத தைரியம் என்று பல்லைக் கடித்தார் வீரையன்.

"வழியெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் வானதி விடாமல். "வெயில் ஏறுறதுக்குள்ள தஞ்சாவூர் தாண்டிடுவேன். திருக்காட்டுப்பள்ளி போயி ஆத்தங்கரையோட போனா நெழல் இருக்கு. கல்லணை வந்துட்டா அப்புறம் பயமில்ல."

"ஷூ மாட்டிக்கிட்டா?"

"ஆமா. கோயில் கோபுரம் தெரிஞ்சதும் கழட்டிடுவேன்."

"நாங்க கொப்புளத்தோட நடக்கிற பாதையில நீ ஷூ போட்டு மிதிப்பியா? முடியாது. என் கையால ஒனக்குக் காப்பு கெடையாது. போ."

தர்மாம்பாள் எழுந்து வந்தாள். அவள் வீரையனின் மனைவி, யாத்திரையில் சமையல் வேன் முழுக்க அவள் பொறுப்பு. "ஊர் முன்னாடி மாமாகிட்ட மல்லுக்கு நிக்காத வானதி. வீட்டுக்குப் போ" என்றாள்.

வானதியின் கண் நிறைந்துவிட்டது. காப்பு இல்லாமல் போனால் அம்மன் அதை ஏற்றுக்கொள்வாளா என்ற பயம் அவளுக்கு. படியிறங்கினாள். அப்படியே விட்டிருந்தால் போயிருப்பாள். கோபக்காரனுக்குக் கடைசிப் பேச்சு தன்னுடையதாக இருந்தாக வேண்டுமே. வீரையன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மூணு நாளை ஆத்தாவுக்குக் குடுக்க மனசில்லாதவங்களுக்கு நேர்த்தி ஒரு கேடா? என்னைப் பாருங்க. பக்கவாதத்துல எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கு. பாரத்தை ஆத்தா மேல போட்டுட்டு நானும் எம்பொண்டாட்டியும் கெளம்பலயா? திரும்பி வர்றப்ப எங்கம்மா ஒடம்புல ஒரு படுக்கைப்புண்ணு உண்டா? ஏன்? ஆத்தா பாத்துக்கறா."

"தாயே, மகமாயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் சிலர்.

படியிறங்கிய வானதி திரும்பி ஏறி வந்தாள். கண்ணில் இப்போது தண்ணீர் இல்லை.

"நான் பாத்துக்கறேன் மாமா. பீத்துணி அலசுறது நான். பொழுதுக்கும் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெக்கிறது நான். நீங்க திரும்பி வந்ததுக்கு அப்புறமாவது மூணு நாள் அத்தையை ஒங்க வீட்டுல வெச்சுக்குங்க, நான் நடந்து போயிட்டு வந்துடறேன்னு போன வருஷமே கேட்டேன். அக்காவுக்கு இடுப்பு வலின்னு சொல்லிட்டீங்க."

தர்மாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். இடுப்பு வலிக்காரி மூன்று நாளும் அண்டா தூக்குவதை அந்த மண்டபத்தில் பார்க்காதவர்கள் இல்லை.

"அது... அதுக்கும் நீ ஓடுறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் வீரையன்.

"பக்கத்து வீட்டு ஹமீதா பானு அக்கா, 'ஒரு நாள் அத்தைகூட நான் இருக்கேன், போயிட்டு வா'ன்னு சொல்லியிருக்காங்க. எனக்குக் கெடைச்சது அந்த ஒரு நாள்தான் மாமா. ஒரு நாள்ல நடந்து போய்ச் சேர முடியாது. அதான் ஓடறேன்."