தண்ணீர் நிறத்து ரத்தம்

கபாசோ முழங்காலிட்டுத் தரையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது.

"மன்னிச்சிருங்க அண்ணி. கை நடுங்கிருச்சு."

சிலேஷே அசையவில்லை. தரையில் சிந்திக் கிடந்தது அவள் மகன் கசோன்டேயின் ரத்தம். அமிலத்தில் காய்ச்சி நிறம் போக்கியிருந்ததால் பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஆறு வயதுப் பையன் சாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் எடுத்தது. வேறு மிச்சம் கிடையாது.

வியாழக்கிழமை விசாரணை. ஜாம்பியாவின் கப்வே ஊரில், அவர்கள் தெருவிலேயே நடக்கிற பாட்டரி உருக்கும் பட்டறையை மூடச் சொல்லி வழக்குப் போட்டிருந்தாள். பையன் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று தலைநகர் லுசாகாவின் இந்த ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். இல்லையென்றால் நாலு வயது மகள் மெர்சியும் அதே புழுதியில்தான் விளையாட வேண்டும்.

கபாசோவுக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. இருந்தும், செத்துப்போன அண்ணன் இடத்தில் நின்று, அண்ணிக்குத் துணையாக மினிபஸ் ஏறி வந்திருந்தான்.

"தூக்கி வளர்த்த பிள்ளை, டாக்டர். ஒரு தடவை கையில வச்சிட்டுத் தரேன்" என்று அவன்தான் கேட்டான். டாக்டர் லுங்கோவே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ரத்தம் இருந்த குழாயைக் கொடுத்தாள். மெஷினைத் தயார் செய்யப் பக்கத்து அறைக்குப் போனாள். பார்க்கத் தாங்காமல் சிலேஷே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் குழாய் விழுகிற சத்தம் கேட்டது.

குழாய் மேஜைக் காலருகே கிடந்தது. அதன் திருகு மூடி எட்டத்தில், ஜன்னலோரம் கிடந்தது.

"அழாதடா" என்றாள் சிலேஷே. "வேணும்னேவா செஞ்சே? எந்திரி."

டாக்டர் உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கபாசோ, அதுல அமிலம் இருக்கு. போய்க் கையைக் கழுவு." பிறகு சிலேஷேயிடம், "அடியில கொஞ்சம் நிக்குதும்மா. இது போதும்" என்றாள்.

"பாதிக்கு மேல போயிருச்சே டாக்டர். குறைச்சலாத்தானே காட்டும்?"

"காட்டாது. நேத்து காய்ச்சுறதுக்கு முன்னாடியே இதுல வேற ஒரு தினுசு ஈயத்தை எடை போட்டுக் கலந்துட்டேன்." டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரு மூட்டை சிவப்பு பீன்ஸ்ல எண்ணி நூறு வெள்ளை பீன்ஸ் போட்டுக் கலக்குறீங்க. மூட்டை கிழிஞ்சு பாதி கொட்டிருது. மிச்சத்துல ஒரு கை அள்ளி, ஒரு வெள்ளைக்கு எத்தனை சிவப்புன்னு பார்த்தா?"

சிலேஷே சந்தையில் பீன்ஸ் விற்கிறவள். யோசிக்க நேரம் பிடிக்கவில்லை.

"நூறு வெள்ளைக்கு எத்தனை சிவப்புன்னு தெரிஞ்சிரும். மூட்டையில முதல்ல இருந்தது அவ்வளவுதான்."

"அவ்வளவுதான். கலந்தப்புறம் எவ்வளவு கொட்டினாலும் கணக்கு மாறாது. ரெண்டு ஈயத்தையும் மெஷின் தனித்தனியாப் பிரிச்சு எண்ணிரும். அதுக்கு ஒரு சொட்டு போதும். எங்க மாமியார் மாதிரி, வாசல்ல நின்னே அடுப்புல என்ன வேகுதுன்னு சொல்லிரும்."

சிலேஷே சிரித்தாள். பிள்ளை போன பிறகு அதுதான் முதல் தடவை. ஊர் வழக்கப்படி முழங்கால் மடக்கி, மெல்லக் கை தட்டி நன்றி சொன்னாள்.

"வியாழக்கிழமை காகிதத்தோட போங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் குழாயை எடுத்துக்கொண்டு போனாள்.

கபாசோ இன்னும் எழுந்திருக்கவில்லை. காய்ந்துபோன தரையையே துடைத்துக்கொண்டிருந்தான். சிலேஷே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையைத் தொடுவது போல அவன் பிடரியில் கை வைத்தாள்.

"கேட்டியா? ஒண்ணும் ஆகலை. வா, எங்கயாவது ன்ஷிமா களி சாப்பிடலாம். காலையிலேர்ந்து நீ பட்டினி."

அவன் நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்து, தானும் சேர்ந்து சொல்லக் காதை அருகே கொண்டுபோனாள்.

"முழுசையும் சாய்ச்சிருக்கணும்."