கிட்டாரில் ஒரு பள்ளம்

கிட்டாரை உறையிலிருந்து எடுத்ததும் ரிப்பேர்க்காரர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

நல்ல சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார். கழுத்து வளையவில்லை, ஒயர் வேலை சுத்தம். ஆனால் உடம்பின் பின்பக்கத்தை யாரோ குடைந்து எடுத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம். மேல் விளிம்பில் அது முன்பக்கம் வரைக்கும் வந்து, ஒரு வாய் கடித்து வைத்த மாதிரி இருந்தது.

"எந்தப் பாவி பண்ணின வேலைம்மா இது?"

"எங்க வீட்டுக்காரர்தாங்க," என்றாள் கொண்டு வந்த பெண்.

மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாள்.

அவள் ஓர் இசைக்குழுவில் வாசிப்பவள். எலி கொறித்த மாதிரி இருக்கும் கிட்டாரோடு இனி மேடை ஏறக்கூடாது என்று குழுத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டாராம். அடுத்த மாத நிகழ்ச்சிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வாராம்.

உடம்பையே புதிதாக மாற்றிவிடலாம் என்றார் ரிப்பேர்க்காரர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கை இந்தக் கட்டைக்குத்தான் பழகியிருக்கிறது, இதையே பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்றாள்.

புருஷன் ஏன் வெட்டினான் என்று கேட்க வாயெடுத்தார். மூலையில் கிட்டாருக்குத் தோள்வார் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தொண்டையைக் கனைத்தாள். கேட்காமல் விட்டார்.

பெண் படியிறங்கியதும் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"கட்டையையே இப்படிப் பண்ணினவன், அந்தப் பொண்ணை என்ன பாடுபடுத்துறானோ."

ரிப்பேர்க்காரருக்கும் அதேதான் தோன்றியது. இருந்தாலும் வேலையில் இறங்கியபோது சில விஷயங்கள் இடித்தன. ஆத்திரத்தில் வெட்டியவன் உப்புத்தாள் போட்டு இப்படி வழவழவென்று தேய்த்திருக்க மாட்டான். ஒயர் போகும் குழிக்கு ஒரு நூல் அளவு தள்ளி ரம்பத்தை நிறுத்தியிருக்கவும் மாட்டான். பள்ளம் முழுக்க மெத்தென்று ஒரு துணி வேறு ஒட்டியிருந்தது. வெளிர் மஞ்சளில் குட்டிக் குட்டி வாத்து.

மனைவியிடம் காட்டினார்.

"அடிச்சுட்டு மருந்து போடுற ரகம்," என்றாள் அவள். "அதுதான் ரொம்ப மோசம்."

அதோடு அவருக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்தது. துணியைச் சுரண்டி எறிந்தார்.

அந்த மரத்துக்குப் பொருத்தமான மரம் லேசில் அகப்படவில்லை. கடைசியில் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் ஓர் அலமாரிக் கதவில் கிடைத்தது. இழை ஓடும் திசை பார்த்து அறுத்து, பள்ளத்துக்குள் அச்சாக உட்காரும்வரை செதுக்கி, பசை தடவி, கவ்வியால் இறுக்கி வைத்தார். பிறகு தேய்ப்பு. பிறகு சிவப்புப் பூச்சு. பிறகு மறுபடியும் தேய்ப்பு. மற்ற வேலைகளெல்லாம் வரிசையில் நின்றன. வீட்டிலும் அதே பேச்சுத்தான். அந்தப் பெண்ணுக்குத் தன்னால் ஆனது இது ஒன்றுதான் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

முடிந்ததும், ஒட்டு எங்கே இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம் என்றார் மனைவியிடம். அவள் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டுத் தப்பான இடத்தைக் காட்டினாள். அன்றைக்கு அவர் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டார்.

கிட்டாரை வாங்க வந்தபோது அந்தப் பெண்ணோடு அவள் புருஷனும் வந்திருந்தான். ஒல்லியான ஆள். தோளில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது.

ரிப்பேர்க்காரரின் மனைவி ஒரே ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள்.

அவள் உட்கார்ந்து வாசித்தாள். ஓசை பழுதில்லை. விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்து, "அப்படியே இருக்குங்க," என்றாள். அவள் கண் கலங்கிற்று.

அதைப் பார்த்ததும் ரிப்பேர்க்காரர் புருஷன் பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு.

"தம்பி, ரம்பத்தைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி மனுஷன் கொஞ்சம் யோசிக்கணும். புரியுதா?"

"சரிண்ணா."

அவன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு குனிந்து கிட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் வாடியது.

"அண்ணா, நீங்க ஒட்டின துண்டை மட்டும் தனியா கழட்ட வருமா?"

ரிப்பேர்க்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒட்டினா ஒட்டினதுதான்! இனிமே அது துண்டு இல்ல, உடம்பு!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப மறுபடியும் வெட்டத்தான் வேணும்," என்றான் அவன்.

தையல் மிஷின் நின்றது.

"இப்ப இல்லீங்க," என்றாள் அந்தப் பெண் அவசரமாக. "நாலு மாசம் போகட்டும். இவ வயித்துல இருந்தப்பவும் ஏழு மாசம் வரைக்கும் சமாளிச்சேன். அதுக்கப்புறம் வயிறு முட்டி, கை தந்திக்கு எட்டவே இல்ல. அதான் இவர் வெட்டிக் கொடுத்தார். பிரசவத்துக்கு முந்தின வாரம்கூட மேடையில வாசிச்சேன். போன வாரம்தான் மறுபடியும் உறுதியாச்சு."

ரிப்பேர்க்காரரின் மனைவி எழுந்து உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டு வந்து, குழந்தையோடு நின்றவனுக்குப் போட்டாள்.

ரிப்பேர்க்காரர் கிட்டாரைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். தன் கண்ணுக்கே தெரியாத அந்த ஒட்டின்மேல் கையை வைத்தபடி சற்று நின்றார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"பழைய அளவே வச்சுக்கலாமா?"

"பத்தாதுண்ணா," என்றான் அவன். "ஸ்கேன்ல ரெண்டு தெரியுதாம்."