பக்கத்து பிரேக்

ஜூன் ஏழாம் தேதி, சனிக்கிழமை மாலை. கம்ப்யூட்டரில் ஆடும் கார் பந்தய விளையாட்டுக்கான சாதனங்கள் விற்கும் மாடிக் கடைக்கு ஒரு கணவரும் மனைவியும் படியேறி வந்தார்கள்.

இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. பையனுக்கு வாங்க வந்திருப்பார்கள் என்று நினைத்த கடைக்காரர், இருப்பதிலேயே விலை உயர்ந்த ஸ்டீயரிங் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்களுக்குத்தாண்ணா," என்றாள் மனைவி.

விஷயத்தையும் அவளே சொன்னாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு விபத்து. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து பள்ளி பூட்டிக் கிடக்கிறது. பயம் விட்டுப்போனால்தான் திறக்க முடியும். இடித்தாலும் நசுங்காத வண்டியில், வீட்டுக்குள்ளேயே பழகிப் பார்க்கலாமென்று ஒரு யோசனை.

கணவர் சுவரில் தொங்கிய ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கு மனம் இளகிவிட்டது. விசை அதிகமுள்ள ஸ்டீயரிங்கை அவரே வேண்டாமென்றார். மோதினால் கையை வெடுக்கென்று இழுக்கும். பெல்ட்டில் சுழலும் சின்னது போதும், மெத்தென்று திரும்பும்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெடலில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். இரண்டு செட் வேண்டும். எந்த செட்டின் பிரேக்கை மிதித்தாலும் வண்டி நிற்க வேண்டும்.

"இந்த ஆட்டத்துல பக்கத்து சீட்டே கிடையாதும்மா."

"அத நாங்க போட்டுக்கறோம். நாற்காலிக்கா பஞ்சம்?"

பெடல்களைப் பார்க்கும்போதுதான் கணவர் குனிந்தார். பொசுபொசுவென்று அமுங்கியதை ஒதுக்கினார். மிதித்தால் கல்போல் எதிர்த்து நின்றதை எடுத்தார். அதன் வயரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

கடைக்காரர் இரண்டு செட்டையும் இணைத்துக் கொடுத்தார். அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். கணவர் தனக்கான ஸ்டூலைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டார். அவள் அதைக் காலால் முன்னுக்கு இழுத்தாள்.

திரையில் மழை பெய்த மலைப்பாதை.

கார் கிளம்பிய வேகத்தில் நின்றது. கணவரின் கால் பிரேக்கில் இருந்தது.

"ஏங்க, வளைவு இன்னும் அடுத்த ஊர்ல இருக்கு."

மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. பின்னால் வந்த கார்களெல்லாம் சர் சர்ரென்று முந்திப் போயின. கடைக்காரர் சிரித்துவிட்டார். மனைவி ஓட்டும்போது காலைத் தரையில் ஊன்றாத கணவன் எங்கே இருக்கிறான்?

அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. கடைசிச் சுற்றில் ஒரே ஒரு வளைவில்தான் கார் நின்றது.

கடைப் பையன் போடும் பில்லுக்காகக் கணவர் மேலேயே நின்றுகொண்டார். கடைக்காரரும் அவளும் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள்.

கடைக்காரர் அவர்களுடைய காரின் டிக்கியைத் திறந்தார். துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

"அங்க வேணாம்ணா, பின் சீட்ல வைங்க," என்று அவளே டிக்கியை மூடினாள்.

வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது.

"கவலப்படாதீங்கம்மா. ஒரே மாசத்துல பழையபடி ரோட்ல ஓட்டுவீங்க."

"நானா? வரும்போதே நான்தானே ஓட்டிட்டு வந்தேன்!"

அவள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வாத்தியார் அவருண்ணா. அன்னிக்குக் கத்துக்க வந்த பொண்ணு பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதிச்சிருச்சு. இவர் தன் பக்கத்து பிரேக்க மிதிச்சாரு, கம்பி அறுந்துபோச்சு. அதுலேருந்து யார் ஓட்டினாலும் இவருக்குப் பின் சீட்டுதான். நான் ஓட்டினாலும்."

கணவர் இறங்கி வந்தார். பின் கதவைத் திறந்தார். பெட்டிகள் கூரைவரை அடைத்துக்கொண்டிருந்தன.

"டிக்கில வைக்கலாமே?"

"எடமில்லீங்க," என்றாள், சாவியைத் தேடுகிறவள்போல் பைக்குள் பார்த்துக்கொண்டே.

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் ஆமாமென்று தலையாட்டினார்.

கணவர் பின் கதவைச் சாத்தினார். பிறகு முன் கதவைத் திறந்து, ஓட்டும் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

கார் மெதுவாகக் கிளம்பி, தெருமுனையில் திரும்பியது.