வெள்ளிக்கிழமை மணி

“மனுஷன் கையை நம்பாதீங்க சார். சிப்புல எழுதிட்டா எழுதினதுதான்!”

கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஜான் பாஷாவின் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னான் கிருஷ்ணராஜ். ஆம்பூரின் அந்த ஷூ ஃபேக்டரியில் அதுவரை ஸ்விட்சை அமுக்கி மணியடித்தவர் அவர்தான். எண்பத்தாறில் கிருஷ்ணராஜ் செய்த, தானாக மணியடிக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி வந்து, அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது.

முதலாளி மக்பூல் அகமது மசியவில்லை.

“அதெல்லாம் சரிப்பா. தினம் ஒரு மணிக்கு அடிக்கிற சாப்பாட்டு மணி, வெள்ளிக்கிழமை மட்டும் பன்னெண்டரைக்கு அடிக்கணும். ஆளுங்க ஜும்மா தொழுகைக்குப் போவணும். இன்னிக்கு அடிக்கலைன்னா பொட்டியைக் கழட்டிக்கினு போய்டு.”

“புது சிப்புல எழுதிக் கொண்டாந்துட்டேன் சார். பன்னெண்டரைக்கு அடிச்சா, நான் எழுதினது உள்ள ஏறிடுச்சுன்னு அர்த்தம்.”

வாய்தான் பேசியது. கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. அவன் செய்த முதல் பெட்டி அது. இது ஊற்றிக்கொண்டால் வேறு எந்த ஃபேக்டரியும் அவனை உள்ளே விடாது.

பன்னிரண்டரை.

கணகணவென்று மணி அடித்தது!

“சபாஷ்!” என்றார் முதலாளி ஆபீஸிலிருந்தே.

கிருஷ்ணராஜ் வியர்வையைத் துடைக்கக் கர்ச்சீப்பை உருவினான். பையிலிருந்து கூடவே இரண்டு சிப்புகள் விழுந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு.

காலையில் பழையதைக் கழற்றிய நேரம் பார்த்து முதலாளி கேட்டுக்குக் கூப்பிட்டார். மூடியை மாட்டிவிட்டு ஓடியவன், புதியதைச் சொருகவே மறந்துவிட்டான்.

அப்படியானால் மணியடித்தது யார்?

கேட்டுக்கு ஓடினான். பழைய ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் ஜான் பாஷா.

“பாய்... நீங்களா அடிச்சீங்க?”

“இன்னிக்கு மட்டுமா சார்? போன மாசம் இடி விழுந்த அன்னிக்கே உங்க பொட்டி படுத்துடுச்சு. அதுலேர்ந்து பொட்டி அடிக்கிற நேரத்துக்கே நான்தான் அடிச்சிக்கினு வரேன்.”

“சொல்லியிருக்கலாமே பாய்!”

“சொன்னா உங்க பேரு கெட்டுப்போய்டும். மொதப் பொட்டின்னு சொன்னீங்களே. கம்முனு இருங்க, அவரு வர்றாரு.”

கிருஷ்ணராஜுக்குக் கூசிப்போனது.

முதலாளி வந்து அவன் முதுகில் தட்டினார்.

“பாத்தியா ஜான் பாஷா, செகண்டு பிசகலை! இதுக்குத்தான் மனுஷன் கையை நம்பக் கூடாதுங்கிறது!”

“ஆமாங்க சார்” என்று சலாம் வைத்தார் ஜான் பாஷா, அதே கையால்.