பக்கத்துத் தோட்டத்து மோட்டார்

"அந்த மனுசன் வேணும்னே பண்றாருங்க. இன்னைக்கும் மோட்டாரப் போட்டார்னா என் கதை முடிஞ்சுது" என்றாள் கௌசிகா, லேப்டாப்பைத் திறந்துகொண்டே.

கணவன் ரமேஷ்குமார் மெல்ல அடுக்களைப் பக்கம் நழுவினான். பக்கத்தில் நின்றால் அவனுக்கும் திட்டு விழும்.

கௌசிகா எலப்புள்ளியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு டிசைன் செய்கிறவள். ஐரோப்பாவில் ஒரு கடலோரக் கிராமம், ஆள் குறைந்து போனதால், எங்கிருந்தும் வேலை செய்யக்கூடிய இப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டு ஒரு வருஷம் குடிவைக்கிறது. டிஜிட்டல் நோமட் ரெசிடென்சி என்று பெயர். நாலாயிரம் பேர் மனுப் போட்டிருக்கிறார்கள். இடம் பன்னிரண்டு பேருக்குத்தான்.

போன வாரம் ஆன்லைன் பரீட்சை. பாதியில் பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி மோட்டாரைப் போட, வோல்டேஜ் இறங்கி, மோடம் அணைந்து, எட்டுக் கேள்வி அம்போ. வேலியோரம் போய் நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். அறுபது வயது மனுசன், ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதுவும் அவளுக்குத் திமிராகத்தான் பட்டது. நல்லவேளை, தட்டுத்தடுமாறிப் பாஸாகிவிட்டாள்.

இன்றைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. பன்னிரண்டு மணி வரைக்கும் மோட்டார் வேண்டாமே என்று ரமேஷ்குமார் நேற்றே போய்க் கேட்டான். "நாளைக்கு மொளகா நாத்து நடறனப்பா" என்று மட்டும் சொன்னாராம். நட்ட கையோடு தண்ணீர் விடாவிட்டால் நாற்று சுருண்டுவிடும். கௌசிகா அதோடு நம்பிக்கையை விட்டுவிட்டாள்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். வேலை, வருமானம், உடம்பு, குளிர் தாங்குமா என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு மாதமாக உருப்போட்டதையெல்லாம் ஒப்பித்தாள். கண் மட்டும் மோடத்தின் பச்சை விளக்கிலேயே இருந்தது.

கடைசியில் ஒரு அம்மாள் கேட்டாள்: "பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்?"

கௌசிகாவுக்கு முகம் சுட்டது. "நல்ல பிள்ளை என்று சொல்வார்" என்றாள். அன்று அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பச்சை விளக்கு ஒருதரம்கூட அணையவில்லை.

வெளியே ஓடினாள். கொளுத்துகிற வெயிலில் காளிச்சாமியும் அவர் மனைவி ராசம்மாளும் தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு, ஒவ்வொரு நாற்றாக ஊற்றிக்கொண்டு போனார்கள். கால் ஏக்கர் நனைந்துவிட்டிருந்தது. எத்தனை நூறு குடம்! கௌசிகா வேலியோரம் போனாள். இன்டர்வியூவே மறந்துபோய் அப்படியே நின்றாள்.

"ஏனுங் பெரீம்மா, மோட்டார் ரிப்பேருங்களா?"

ராசம்மாள் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது கண்ணு. நானே போடத்தான் போனேன். உங்க பெரியப்பாதான், 'நல்ல புள்ள அது, பரீட்சைக்கு உக்காந்திருக்குது'ன்னு மோட்டாரு பீஸ் கட்டையப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டாங்க."